கார்னரில் நிற்கிறவர்

2016 ஜூலை 31, ஹைதராபாத். புரோ கபடி லீகின் நான்காவது சீசன் இறுதியாட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் அணி 37-29 என்று ஜெய்ப்பூரைத் தோற்கடித்தது. மறுநாள் பேச்செல்லாம் பாட்னாவின் இளம் ரைடர் பர்தீப் நர்வாலைப் பற்றித்தான். கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டனுக்கு அப்போது வயது 41. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் அவர். ரைடு போகிறவர் அல்ல, பிடிக்கிறவர், வலது கார்னர். வடநாட்டுப் பையன்கள்கூட அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலிருந்து பார்த்தால் திருச்சனம்பூண்டி கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர், அவ்வளவுதான். பொங்கல் வந்தால் இரண்டு பக்கத்து ஊர்களிலும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஒரே மாதிரி சுவரொட்டிதான் ஒட்டுகிறார்கள். அந்தச் சுவரொட்டிக்குப் பின்னால் ஒரு பிழைப்பு இருக்கிறதா, அதிலும் ரைடரின் கைத்தட்டல் கிடைக்காத கேட்சருக்கு இருக்கிறதா என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டம். ஆண்கள் கபடியில் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதைப் பாதியாக்குகிறது. இரண்டு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி. ரைடரும் கேட்சரும் ஒருவரையொருவர் தொட்ட பிறகுதான் அந்த இடம் களத்தோடு சேரும். அணிக்கு ஏழு பேர். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. ரைடருக்குக் கிடைப்பது 30 விநாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதைக் கடக்காமலும் யாரையும் தொடாமலும் திரும்பினால் அவரே அவுட். அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, மற்றக் காலைத் தரையில் படாமல் தூக்கிவிட்டால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி.

பிடிக்கிற ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கமாக நிற்பதில்லை. இரண்டு கோடியிலும் ஆழத்தில் நிற்பவர்கள் இடது, வலது கார்னர். அவர்களை ஒட்டி இடது இன், வலது இன். அதற்கடுத்து இரண்டு கவர். நடுவில் சென்டர். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் செயின் போட்டிருப்பார்கள். இதில் கார்னரும் கவரும் தொழில்முறைக் கேட்சர்கள். இன், சென்டர் இடங்களில் பெரும்பாலும் ரைடர்கள் தங்கள் முறை வரும்வரை நிற்பார்கள். பிடிக்கத் தெரிந்தால் லாபம், தெரியாவிட்டால் வழியை மறைக்காமல் இருந்தால் போதும்.

இப்போது ஒரே ஒரு பிடியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார். வலது கார்னர் குனிந்து, முழங்காலை மடக்கி, பின்னங்கால் விரலில் எடையை வைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் எல்லைக் கோடு. தன் கால் அதற்கு வெளியே தரையில் பட்டுவிட்டால் அவரே அவுட், எதிரணிக்குச் சும்மா ஒரு புள்ளி. ரைடர் கையை நீட்டிப் போக்குக் காட்டுவார், தோளை ஆட்டுவார். கேட்சர் அதையெல்லாம் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார், காலைப் பார் என்பதுதான் பாடம். உடம்பில் எது பொய் சொன்னாலும் இடுப்பு சொல்லாது.

ரைடர் போனஸுக்காக ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைக்கிறார். மறு கால் காற்றில். ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கண நேரத்துக்காகத்தான் கார்னர் இருபது விநாடி சும்மா நின்றார். பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறார். கணுக்கால் பிடியில் பலம் பாதிதான், மீதி நேரம். அரை நொடி முந்தினால் ரைடர் காலை இழுத்துக்கொண்டு முகத்தைத் தொட்டுவிட்டுப் போவார். அரை நொடி பிந்தினால் இரண்டு காலும் ஊன்றியிருக்கும். 80 கிலோ ஆளைக் கணுக்காலில் பிடித்து நிறுத்த முடியாது, அவர் கார்னரையும் சேர்த்து நடுக்கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த வேலை கவருடையது. கார்னர் பிடித்த நொடியில் ரைடர் நடுக்கோட்டுப் பக்கம் திரும்புவார். அந்த வழியை மறித்து மார்பால் அணைக்க வேண்டும், அது ப்ளாக். அல்லது ஓடி வந்து இடித்து லாபிக்கு வெளியே தள்ள வேண்டும், அது டேஷ். இங்கேதான் கபடியின் கொடுமையான கணக்கு இருக்கிறது. உதவிக்கு வந்தவர் ரைடர் மேல் கை வைத்ததும் அவரும் பணயம். மூன்று பேர் சேர்ந்து அமுக்கியும் ரைடர் விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் மூன்று பேரும் அவுட், அவருக்கு மூன்று புள்ளி. அவரைப் பிடித்துவிட்டாலோ கேட்சர் அணிக்கு ஒரே புள்ளிதான். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் மட்டும் கூடுதலாக ஒன்று. அதுதான் சூப்பர் டேக்கிள்.

அந்த ஒரு புள்ளியும் புத்தகத்தில் முதலில் கை வைத்தவர் பெயரில்தான் ஏறும். வழியை மறித்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த கவருக்கு எதுவும் இல்லை. புள்ளிப் பட்டியலைப் பார்த்து நல்ல கவரைத் தேர்ந்தெடுக்க முயல்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நியாயமானவர்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவர்களும், அவர்களை மடக்கிச் சாய்க்கிறவர்களும் தனித்தனிப் படை. தடுப்பதற்கென்றே பதினொரு பேர் வருவார்கள், தாக்குதல் முறை வந்தால் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே தனியாகச் சாய்த்தது ஒரு கணக்கு, கூட இருந்து உதவியது இன்னொரு கணக்கு, இரண்டும் பதிவாகும். பந்தை வீசப்போகும் குவாட்டர்பேக்கை இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்று எழுதுகிறார்கள். அந்தத் தனிநபர்க் கணக்கே அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது 1982இல்தான் என்பது வேறு கதை. தடுக்கிறவரைக் கணக்கில் எடுக்க அங்கேயும் வெகுகாலம் பிடித்தது.

அந்த ஆட்டத்திலும் இந்திய வம்சாவளிக் கேட்சர் ஒருவர் இருந்தார், பிராண்டன் சில்லர். 2004இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குத் தேர்வாகி, 2008 முதல் கிரீன் பே பேக்கர்ஸில் லைன்பேக்கராக ஆடினார். 2010 சீசனில் தோள் காயம் அவரை வெளியே உட்காரவைத்தது. அதே சீசனில் அவருடைய அணி சூப்பர் பௌல் வென்றது. இருபதுகளின் கடைசியிலேயே அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. டெல்லி எல்லையில் நிஜாம்பூர் என்ற கிராமத்திலிருந்து வந்த மஞ்சித் சில்லர் கபடியில் புகழ்பெற்ற கேட்சர். இரண்டு பேரும் உறவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதும், இருவருக்கும் ஓடுகிறவனை மடக்குவதே தொழிலானதும் தற்செயல்தான்.

சேரலாதனின் கதை வேறு திசையில் போனது. 1975இல் பிறந்தவர். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியபோது அவருக்கு 39. மற்ற ஆட்டங்களில் ஓய்வு அறிவித்து, சால்வை போர்த்திக்கொண்டு, வர்ணனை செய்யப் போகிற வயது. அவர் பெங்களூரு புல்ஸில் தொடங்கி, தெலுகு டைட்டன்ஸ், பாட்னா, புனேரி பல்தான், யூ மும்பா என்று அணி அணியாக ஆடினார். 2016 அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பையில் இந்திய அணியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோற்ற அந்த அணி, இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது. 2019இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். அதன் பிறகும் ஜெய்ப்பூர் அணிக்காகக் களத்தில் இறங்கினார். 2024இல் தமிழ் தலைவாஸின் பயிற்சியாளர்.

இவ்வளவு நீண்ட ஆட்ட வாழ்க்கை ரைடருக்கு வாய்ப்பது அரிது. காரணம் எளிது. ரைடர் வாழ்வது வேகத்தில். முதல் மூன்று எட்டு மெதுவாகிவிட்டால் முடிந்தது. கேட்சர் வாழ்வது பொறுமையிலும் ஆள் கணிப்பிலும். யார் எந்தக் காலால் போனஸ் எடுப்பார், யார் திரும்பும்போது இடது தோளைத் தாழ்த்துவார் என்பது வயது ஏற ஏறத்தான் மனசில் சேரும். 2022 பிப்ரவரியில் தபாங் டெல்லி 37-36 என்று பாட்னாவைத் தாண்டிக் கோப்பை எடுத்தபோது அந்த அணியின் பிடிவரிசையில் இருந்தவர்கள் ஜோகிந்தர் நர்வால், மஞ்சித் சில்லர், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜீவா குமார் என்று பழம் பெருச்சாளிகள்தான். சீசன் தொடக்கத்தில் கிழவர்கள் கூட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஜீவா குமார் அதற்கு ஏழு வருடம் முன்பு, 2015இல், யூ மும்பாவோடும் கோப்பை வென்றவர். கவரில் நின்ற மனிதர். அதனால்தான் பாதிப் பேருக்கு முகம் ஞாபகம் இருக்காது.

ரைடருக்குக் கொட்டிய பணத்தைக் கேட்சர்கள் காப்பாற்றிய கதை தமிழ் தலைவாஸிலேயே இருக்கிறது. 2022இல் அந்த அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அதுவும் ரைடு போய் அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போய். சீசன் முழுக்க அவர் இல்லை. சாகர், சாஹில் குலியா, மோஹித், ஹிமான்ஷு, நம் மாநிலத்து எம். அபிஷேக் என்று பிடிவரிசை நின்று கொடுத்தது. இந்தப் பக்கம் ரைடில் நரேந்தர் புள்ளி சேர்த்தார். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது அந்த சீசனில்தான்.

ஏலப் பணத்தைப் பொறுத்தவரை, 2014இல் எல்லோரையும் விட அதிக விலைக்குப் போன ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். 2018இல் யூ மும்பா 1 கோடி கொடுத்து வாங்கியது ஈரான் நாட்டு இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலியை, ஒரு கேட்சரை. புரோ கபடியில் 500 பிடிப் புள்ளியை முதலில் தாண்டியவரும் அவர்தான். இன்னொரு ஈரானியர் முகமத்ரெசா ஷத்லூயி 2023 ஏலத்தில் 2 கோடியே 35 லட்சத்துக்குப் புனேவுக்குப் போனார், கோப்பை வந்தது. அடுத்த ஏலத்தில் 2 கோடியே 7 லட்சத்துக்கு ஹரியானாவுக்குப் போனார், கோப்பை அங்கே வந்தது. பிடிக்கத் தெரிந்தவருக்கு விலை இல்லை என்று இனி சொல்ல முடியாது.

ஆனால் இந்த எண்களைப் பார்த்து மகனைக் களத்துக்கு அனுப்புவது, லாட்டரிச் சீட்டைப் பார்த்து வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது போலத்தான். ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். அது ஒரு சீசனுக்கு. அடுத்த சீசனில் பெயர் கூப்பிடப்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. வளைகுடாவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய் வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்வியை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். துபாயில் 2018இல் நடந்த கபடி மாஸ்டர்ஸ் தொடரில் இந்தியா இறுதியில் ஈரானை 44-26 என்று வென்றது. அப்போது அங்கே வேலையில் இருந்தவர்களுக்குக் கபடி வெளிநாட்டில் எப்படிக் காட்சிப் பொருளாகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

கபடிக்காரரின் நிஜமான அஸ்திவாரம் உத்தியோகம். ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வேலை கிடைத்தால் அந்தத் துறை அணிக்காக ஆடலாம், காலை மாலை பயிற்சிக்கு அனுமதி உண்டு, காயம் பட்டால் சம்பளம் நிற்காது. புரோ கபடி வருவதற்கு முந்தைய தலைமுறை முழுக்க இப்படித்தான் வாழ்ந்தது. கபடி ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாக முதலில் சேர்ந்த 1990 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற ராஜரத்தினம், 1994 ஹிரோஷிமாவில் வென்ற மணத்தி கணேசன் இருவருமே பின்னர் அர்ஜுனா விருது பெற்றவர்கள். கணேசனின் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025இல் ‘பைசன் காளமாடன்’ எடுத்தார். அவர்கள் காலத்தில் ஏலம் என்றால் மாட்டுச் சந்தை ஞாபகம்தான் வந்திருக்கும்.

சரி, கேட்சர் ஆவதற்கு எப்படிப்பட்ட பையன் வேண்டும்? எல்லோரையும் முந்தி ஓடுகிறவன் தேவையில்லை. அவனை எப்படியும் ரைடராக்கிவிடுவார்கள். பிடி பலமாக இருக்கவேண்டும், முழங்காலை மடக்கி நீண்ட நேரம் நிற்கும் தொடை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவசரப்படாதவனாக இருக்கவேண்டும். ஊர்ப் போட்டிகளில் ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் “வரட்டும்டா, வரட்டும்டா, நீயா போகாதே!” என்று கத்துவது முழுக்க இதற்குத்தான். தானாக முன்னேறிப் பாய்ந்து பிடிப்பதை அட்வான்ஸ் டேக்கிள் என்பார்கள். தோல்வியில் முடிந்த பிடிகளில் நிறைய இந்த வகைதான். கார்னர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், தன் அணி புள்ளி எடுத்து அவரை உயிர்ப்பிக்கும்வரை அந்த மூலை ஓட்டைதான். அதனால்தான் கெட்டிக்கார ரைடர் முதல் ஐந்து நிமிடத்தில் எதிரணியின் நல்ல கார்னரை வெளியே அனுப்பப் பார்ப்பார்.

மண்ணில் பழகியவர்கள் ‘மேட்’ என்ற விரிப்புக்குப் போகும்போது தடுமாறுவார்கள். மண்ணில் வெறுங்கால் சறுக்கி நிற்கும். பாய்ந்து விழுந்தாலும் உடம்பு வழுக்கிப் போகும். விரிப்பில் ஷூ போட்ட கால் அப்படியே பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் தசைநார் அறுவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். கேட்சருக்கு இதோடு தோள்பட்டை விலகல், விரல் எலும்பு முறிவு, குனிந்து பாயும்போது முகத்தில் உதை எல்லாம் கூட வரும். விலகிய தோளை உள்ளூரில் இழுத்துச் சரிசெய்துகொண்டு அடுத்த வாரமே இறங்குவது வீரம் என்று நினைக்கிறார்கள். ஒரு தடவை விலகிய தோள், சரியாக ஆறாவிட்டால் மறுபடி மறுபடி விலகும். பிடிக்கிறவருக்கு அது முதலுக்கே மோசம். பெரிய மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, படம் எடுத்து, சொன்ன மாதங்கள் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

எடையும் முக்கியம். சீனியர் ஆண்கள் பிரிவில் 85 கிலோவுக்கு மேல் போனால் தராசிலேயே வெளியே. ஜூனியர், சப்-ஜூனியர் பிரிவுகளுக்கு வயதும் எடையும் தனி. பள்ளி வயதுப் பையனை எடைக்காகப் பட்டினி போடும் பழக்கம் சில ஊர் அணிகளில் இருக்கிறது. அது வளர்கிற உடம்பைக் கெடுக்கும், ஆட்டத்தையும் கெடுக்கும்.

ஏணியின் படிகள் ஓரளவு நேரானவை. பள்ளி அணி, முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்டப் போட்டிகள், பிறகு கபடிக் கழகத்தின் தேர்வு வழியாக மாவட்ட அணி, மாநிலப் போட்டி, அங்கிருந்து தமிழ்நாடு அணியில் தேசியப் போட்டி. மின்னொளிப் போட்டியில் சுற்றுக்கோப்பையும் ரொக்கமும் கிடைக்கும், பெயர் கிடைக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கோப்பைக்கு எடை கிடையாது. மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்பது படிவங்கள்: நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் 2, பல்கலைக்கழகத்துக்காக என்றால் 3, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் 4. இவற்றில் உரிய சங்கச் செயலாளரோ பல்கலைக்கழக, கல்வித் துறை அதிகாரியோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட்டி முடிந்த கையோடு வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கழித்துத் திருத்தப் போனால், அன்றைக்குச் செயலாளராக இருந்தவர் இன்றைக்கு அந்தப் பொறுப்பில் இருக்கமாட்டார்.